நர்ஸம்மா பிரித்த பிரேக்

நர்ஸம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது ஐம்பது வயதை ஒட்டி. ஒருநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று தோடு போடும்போது திருகாணி நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துப் போட்டாள், மறுபடியும் விழுந்தது. "தூக்கம் போதலை" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அந்தத் தூக்கத்தின் மேல் பழியைப் போட்டே சில மாதங்களை ஓட்டினாள்.

வேலை ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டரில். பெரிய டாக்டர் குனிந்த தலை நிமிராமல் கையை மட்டும் நீட்டுவார். அந்த நேரத்துக்கு வேண்டிய கத்தரியோ இடுக்கியோ அந்த உள்ளங்கையில் 'டப்' என்று வந்து உட்கார வேண்டும். கேட்டபின் கொடுக்கிற நர்ஸ்கள் உண்டு. நம் நர்ஸம்மா கேட்பதற்கு முன்னால் கொடுக்கிற ரகம். பெரிய டாக்டர் வாய் திறந்தால் வசவுதான், தியேட்டரில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. நர்ஸம்மாவும் வாங்கியிருக்கிறாள், வாங்கியதைவிட அதிகமாகக் கண்ணாலேயே திருப்பிக் கொடுத்தும் இருக்கிறாள். இருவருக்கும் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

அந்த மனிதர் ஒருநாள் அவள் நீட்டிய இடுக்கியின் முனையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சிஸ்டர், நீங்க கொஞ்சம் உட்காருங்க" என்றார். மெதுவாகச் சொன்னார். எப்போதும் கத்துகிற மனிதர் மெதுவாகப் பேசினால் அது நல்லதற்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

நரம்பு டாக்டர் சோதித்துவிட்டு, பெரிய வியாதி ஒன்றும் இல்லை, சில பேருக்கு இப்படி வரும், உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆறுதல் சொன்னார். உயிருக்கு இல்லை, வேலைக்குத்தான் ஆபத்து. கருவிகளைக் கழுவி, கொதிக்க வைத்து, உறையில் போட்டு அடுக்குகிற அறைக்கு அவளை மாற்றினார்கள். மாற்றல் உத்தரவோடு ஒரு பூங்கொத்தும் கொடுத்தார்கள். அவள் அதை வழியிலேயே ஒரு பெஞ்சில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீடு அதைவிட மோசமாக இருந்தது. கணவர் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருந்தார். மரத்தை அறுத்து, கண்ணாடியை வெட்டி, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிற மனிதர். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் வாய்ச்சண்டை இல்லாமல் ஒரு பொழுது போனதில்லை. டவலை எங்கே போட்டாய், ஃபேனை ஏன் அணைக்கவில்லை என்று எதிலாவது தொடங்கி எங்கேயாவது போய் முடியும். கை நடுங்கத் தொடங்கிய பிறகு அவர் சண்டையை அடியோடு விட்டுவிட்டார். அவள் கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்தால் "பரவாயில்ல விடு" என்பார். சூப்பில் உப்பு அள்ளிப் போட்டிருந்தால் "பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு" என்று கண்ணில் தண்ணீர் வரக் குடிப்பார். இப்படி ஒரு தங்கமான புருஷன் வாய்க்க வேண்டுமே என்று ஊரே ஏங்கும். நர்ஸம்மாவுக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

மாடியில் நாத்தனார் இருந்தாள், கணவரின் அக்கா. நல்ல மனசு, ஓட்டை வாய். நர்ஸம்மா கத்தியை எடுத்தால் கத்தியைப் பிடுங்குவாள், தட்டை எடுத்தால் தட்டைப் பிடுங்குவாள். "நீ உட்காரு அம்மாடி, நான் செய்றேன்" என்று அவள் சொல்லும்போது நர்ஸம்மாவுக்குத் தன்னைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டது போல இருக்கும். எத்தனையோ உயிரைக் காக்கிற வேலைக்கு உதவிய கை. இனி இந்தக் கையை நம்பி யாரும் எதையும் கொடுக்க மாட்டார்களா என்ற கேள்வி, கருவிகளை அடுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் கார் படுத்தது.

அது பழைய கார். ஊரார் நின்று வேடிக்கை பார்க்கிற பழமை இல்லை, வெறும் பழசு. கணவர் அதில் சட்டங்களையும் கண்ணாடிப் பலகைகளையும் ஏற்றிக்கொண்டு போவார், பின் சீட்டில் எப்போது உட்கார்ந்தாலும் மரத்தூள் ஒட்டும். ஒரு காலை, சாவியைத் திருகினால் முனகியது, அதோடு சரி. நாலு தெரு தள்ளி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற சத்தம் மாஸ்டர் வந்தார். ஓடுகிற இஞ்சின் பக்கத்திலேயே பேசிப் பழகிய குரல் அவருடையது, இஞ்சின் நின்ற பிறகும் இறங்காது. அவர் நலம் விசாரித்தால் அடுத்த தெருவில் இருப்பவர்கள் "நல்லா இருக்கோம்" என்று பதில் சொல்லலாம். வயது நர்ஸம்மாவைவிடப் பத்துப் பன்னிரண்டு குறைவு.

பானெட்டைத் திறந்ததும் நர்ஸம்மா டார்ச் பிடித்தாள். எங்கே வெளிச்சம் வேண்டும் என்று அவர் சொல்வதற்கு முன்னால் அங்கே பிடித்தாள், பழக்கதோஷம். மாஸ்டர் முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, முகத்தை வானத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு எதையோ திருகினார்.

"கண்ணால பார்க்காம எப்படி மாஸ்டர் தெரியுது?"

"விரல் பார்க்குது சிஸ்டர்!" என்று கத்தினார்.

நர்ஸம்மா டார்ச்சை இன்னும் உள்ளே நீட்டினாள். குழாய்களும் பட்டைகளும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு கிடந்த அந்த உட்புறத்தை எட்டி எட்டிப் பார்த்தாள். எது எங்கே போகிறது, எதை முதலில் எடுத்தால் எது வெளியே வரும் என்று மனது தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பும்போது, "இதெல்லாம் எனக்குக் கத்துக்கொடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கே தெரிந்தது.

"தொழிலுக்கா?"

"இல்ல, சும்மா. ஆசைக்கு."

"ஆசைக்குன்னா ஞாயித்துக்கிழமை காலையில வாங்க. ஏற்கனவே ஒரு கணக்கு வாத்தியார் வர்றார். ஒரே ஸ்கூட்டரை வருஷக்கணக்காப் பிரிக்கிறார். வீட்ல இருக்கப் பிடிக்கலை போல, பாவம்."

வீட்டில் சொன்னபோது கணவர், "தாராளமாப் போயிட்டு வா" என்றார். உனக்கு என்ன பைத்தியமா என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று எதிர்பார்த்து, பதிலுக்குப் பதில் தயாராக வைத்திருந்தாள். எல்லாம் வீணாய்ப் போயிற்று. நாத்தனார், "மனசுக்கு ஒரு மாறுதலா இருக்கும்" என்று தலையை ஆட்டினாள்.

ஒர்க்‌ஷாப் என்றால் பெரிய இடம் இல்லை. தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த சிமெண்டுத் தரை, சுவரில் ஆணியடித்து மாட்டிய ஸ்பேனர்கள், ஒரு மூலையில் கழற்றிப் போட்ட சீட்டே சோபாவாக. முதல் ஞாயிறு நர்ஸம்மா ஒரு பச்சைத் துணியோடு போனாள். அதை உதறி மேஜை மேல் விரித்து, ஸ்பேனர்களைத் துடைத்து, சிறிதிலிருந்து பெரிதுக்கு வரிசையாக அடுக்கினாள். மாஸ்டர் இஞ்சினுக்குள் குனிந்தபடி கையை நீட்டினார். அந்தக் கையில் 'டப்' என்று பத்தாம் நம்பர் ஸ்பேனர் வந்து விழுந்தது. அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து பானெட்டில் தலையை இடித்துக்கொண்டார்.

"என்ன சிஸ்டர், என்னை டாக்டராவே ஆக்கிட்டீங்களே!"

ஆனால் கையாளாக நிற்க அவள் வரவில்லை. அடுத்த வாரமே அவள் கையை நீட்ட, மாஸ்டர் எடுத்துக் கொடுத்தார். ஆயில் மாற்றினாள். பிளக்கைக் கழற்றி அதன் கரியைப் பார்த்தாள். சக்கரத்தைக் கழற்றி மாட்டினாள். இறுகிப்போன நட்டோடு மல்லுக்கட்டி ஜெயித்த அன்றைக்கு, பள்ளிக்கூடப் பரிசு வாங்கிய பெண்ணைப் போல வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தாள். கனமான ஸ்பேனரை இறுகப் பிடித்து அழுத்தும்போது நடுக்கம் அடங்கிக் கிடந்தது, பிடியைத் தளர்த்தினால் திரும்பி வந்தது. சின்ன நட்டுகள்தான் பாடாய்ப் படுத்தின. மரையில் பிடிப்பதற்குள் நாலைந்து தடவை நழுவும். நழுவினால் மாஸ்டர் ஓடி வந்து வாங்கிக்கொள்ள மாட்டார், "தேடுங்க, மேஜைக்கு அடியில உருண்டிருக்கும்" என்று கத்திவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார். அதற்காகவே அவளுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

தியேட்டர் வழக்கம் எதையும் அவள் விடவில்லை. வயிற்றை மூடித் தைப்பதற்கு முன் எல்லாக் கருவியையும் எண்ணிச் சரிபார்க்கிற ஜாதி அவள். ஒரு ஞாயிறு, வேலை முடிந்து மாஸ்டர் பானெட்டை மூடப் போனால் குறுக்கே கையை நீட்டினாள். "ஒரு நட்டு குறையுது. மூடக்கூடாது."

"அது எங்கயாவது கிடக்கும் சிஸ்டர், வேற ஒண்ணு போட்டாச்சே."

"உள்ள கிடந்தா?"

தேடினார்கள். வாத்தியாரும் ஸ்கூட்டரை விட்டுவிட்டு வந்து தேடினார். மத்தியானப் பசி வந்துவிட்டது. கடைசியில் அது மாஸ்டரின் சட்டைப் பையிலிருந்தே கிடைத்தது. அவர் அதை எடுத்துப் பச்சைத் துணியின் மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

கீழே விழுந்த எதையும் துடைத்து எடுத்துப் பயன்படுத்துவதும் அவள் அகராதியில் கிடையாது. தரையில் விழுந்த கத்தரி தரையோடு போனதுதான், புதிதாக உறை பிரித்து வேறு எடுக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் விழாத பொருளே இல்லை என்பதால், இந்த ஒன்றைப் பற்றி இருவருக்கும் ஓயாத வாக்குவாதம்.

பிரேக்கை மட்டும் மாஸ்டர் கடைசியாக வைத்திருந்தார். "மத்ததெல்லாம் தப்பா செஞ்சா வண்டி ஓடாது. இதைத் தப்பா செஞ்சா வண்டி நிக்காது." சொந்தக் காரையே கொண்டுவரச் சொன்னார். வலது முன் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கிற இரும்புத் தட்டை, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கட்டைகளை, கட்டையைத் தள்ளுகிற பிஸ்டனை, பிஸ்டனைச் சுற்றி மோதிரம் போல உட்கார்ந்திருக்கிற ரப்பர் வளையத்தை ஒவ்வொன்றாகக் காட்டினார். மிதியை மிதித்தால் பிஸ்டன் முன்னால் போகும், விட்டால் அந்த ரப்பர்தான் அதைப் பின்னால் இழுக்கும். பழைய வளையத்தை எடுத்துவிட்டுப் புதியது போட வேண்டும். வலது பக்கத்தை அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவள் செய்தாள்.

"இடது பக்கம் நீங்களே பண்ணுங்க. முடிச்சதும் கூப்பிடுங்க, வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

நர்ஸம்மா அந்தக் கணத்தை மறக்கவே மாட்டாள். அவள் கணவர் ஏறுகிற வண்டியின் பிரேக், அவள் கையில். வளையம் விரலில் நடுங்கியது. பள்ளத்தில் உட்காராமல் இரண்டு தடவை வழுக்கியது. புதிய வளையங்கள் இருந்த பெட்டியோடு வந்திருந்த சின்னப் பொட்டலத்து கிரீசைத் தடவலாம் என்று எடுத்தால், அது நழுவித் தரையில் விழுந்து எண்ணெய்ச் சேற்றில் புரண்டது. வாய் கிழிந்திருந்தது. விழுந்தது விழுந்ததுதான். அவள் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, தன் பையைத் திறந்து, காலில் வெடிப்புக்கு என்று வைத்திருந்த பெட்ரோலியம் ஜெல்லியை எடுத்தாள். புதுசு, முத்திரை உடைக்காதது, சுத்தத்திலும் சுத்தம். அதை வளையத்தில் தாராளமாகத் தடவினாள். மூன்றாவது தடவை வளையம் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

மாஸ்டர் வந்தார். கட்டைகளைப் பார்த்தார், போல்ட்டுகளை இறுக்கிப் பார்த்தார், கசிவு இல்லை, மிதி கல் மாதிரி நின்றது. உள்ளே தடவியதை அவர் எப்படிப் பார்ப்பார்? தெருவில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சூப்பர் சிஸ்டர்!" என்று கத்தினார். அக்கம்பக்கத்தில் ஜன்னல்கள் திறந்தன.

ஒரு வாரம் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. நர்ஸம்மா கால் தரையில் பாவாமல் நடந்தாள். கருவி அறையில் பாட்டு முணுமுணுத்தாள் என்று கூட வேலை செய்கிறவர்களே சொன்னார்கள்.

அடுத்து வந்த ஒரு காலையில் நாத்தனாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கணவர் ஓட்டினார், நர்ஸம்மா பக்கத்தில், நாத்தனார் பின்னால் மரத்தூளில். பாலத்தில் ஏறும்போதே கார் இடது பக்கமாக இழுத்தது. கணவர் ஸ்டியரிங்கை வலது பக்கம் பிடித்துப் பிடித்து ஓட்டினார். அப்புறம் ஒரு வாசம் வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் துணியின் மேலேயே மறந்துவிட்டது போன்ற வாசம்.

"நிறுத்துங்க. நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

ஓரமாக நிறுத்தி இறங்கினார்கள். இடது முன் சக்கரத்திலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போனால் சூடு முகத்தில் அடித்தது. மிதியை விட்டும் பிரேக் விடவில்லை, கவ்விக்கொண்டே வந்திருக்கிறது.

நாத்தனார் காருக்குள் இருந்தே ஜன்னல் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள். "அவளைச் சொல்லி என்ன பண்றது தம்பி. கை அவ பேச்சைக் கேட்டாத்தானே" என்றாள். மனசார இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். குத்திக் காட்டியிருந்தால்கூட நர்ஸம்மா தாங்கியிருப்பாள்.

அவள் கணவர் முகத்தைப் பார்த்தாள். இப்போதாவது ஒரு வார்த்தை. மூன்று பேர் உட்கார்ந்து வந்த வண்டியில் இப்படியா செய்து வைப்பாய் என்று ஒரு வார்த்தை.

"பரவாயில்ல விடு" என்றார் அவர்.

நர்ஸம்மா பாலத்துக் கைப்பிடிச் சுவர் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். வளையம் இரண்டு தடவை வழுக்கியது நினைவுக்கு வந்தது. மூன்றாவது தடவை அது கோணலாக உட்கார்ந்திருக்கும். முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வேறு என்ன? மடியில் கிடந்த இரண்டு கைகளும் அவளுடையவை இல்லாதது போல ஆடிக்கொண்டிருந்தன. கைதான் காரணம் என்றால் இனி எதையும் தொடப்போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தாள். காரை, ஸ்பேனரை, ஆஸ்பத்திரியை, எதையும். வேலையை விடுவதாகவும் எழுதிக் கொடுத்துவிட்டு நாத்தனார் சொல்கிற இடத்தில் உட்கார்ந்துவிடலாம்.

நாத்தனாரை ஒரு வாடகை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். மாஸ்டர் தன் வண்டியோடு வந்து, சூடு ஆறியபின் காரை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப்போனார். ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

"குடுங்க" என்றாள் நர்ஸம்மா. "நான்தான் பிரிப்பேன். என்ன தப்புன்னு நானே பார்க்கணும்."

மாஸ்டர் கணவரைப் பார்த்தார். கணவர் எங்கேயோ பார்த்தார். மாஸ்டர் ஸ்பேனரைக் கொடுத்தார்.

அவள் அவசரப்படவில்லை. துணியை விரித்தாள். சக்கரம், போல்ட்டுகள், கருகிப்போன கட்டைகள், எல்லாம் வரிசைக்கு வந்தன. பிஸ்டன் வர மறுத்தது. மாஸ்டர் காற்றுக் குழாயை வைத்து ஊத, முனகிக்கொண்டு வெளியே வந்தது. அவள் டார்ச்சை வாங்கி உள்ளே அடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "நீங்களும் பாருங்க" என்று தள்ளி நின்றாள்.

மாஸ்டர் விரலை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். "வளையம் நேராத்தான் இருக்கு. பள்ளத்துல கச்சிதமா இருக்கு." ஒரு கொக்கியால் அதை நெம்பி எடுத்தார். தண்ணீரில் ஊறிய பட்டாணி போல உப்பியிருந்தது, அமுக்கினால் கொழகொழவென்று இருந்தது. புதிய வளையம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மோந்து பார்த்தார்.

"சிஸ்டர், இதுல என்னத்தைத் தடவினீங்க?"

"பெட்ரோலியம் ஜெல்லி."

"என்ன?"

"கிரீஸ் பொட்டலம் கீழ விழுந்துடுச்சு. அதனால..."

"பெட்ரோலியம் ஜெல்லியா!" தகரக் கூரை அதிர்ந்தது. "பிரேக் ரப்பர்ல யாராவது எண்ணெய்ப் பசையைத் தடவுவாங்களா? எண்ணெய் பட்டா அந்த ரப்பர் உப்பும்னு தெரியாதா? உப்பினா பிஸ்டன் எப்படித் திரும்பி வரும்? ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? நான் என்ன வெளிநாட்டுலயா இருந்தேன், எதிர்க் கடையில டீதானே குடிச்சுக்கிட்டு இருந்தேன்! கீழ விழுந்தா என்ன, ஒரு சொட்டு பிரேக் ஆயிலைத் தொட்டுப் போட்டிருந்தாலே போதுமே! ஆளைக் கொல்லப் பார்த்தீங்களே!"

நர்ஸம்மா அசையாமல் நின்றாள். "மாஸ்டர், அப்போ கை இல்லையா?"

"எந்தக் கை?"

"என் கை நடுங்கினதால இல்லையா? வளையம் கோணலா இல்லையா?"

"கைக்கு என்ன கேடு? நான் போட்டாக்கூட இவ்வளவு நேரா உட்காராது. கை நல்லாத்தான் செஞ்சிருக்கு. புத்திதான்..." என்று தொடங்கியவர் வயதை நினைத்து நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க, முழுசாச் சொல்லுங்க. புத்தியை எங்க வச்சிருந்தேன்னு கேளுங்க!"

"ஆமா, எங்க வச்சிருந்தீங்க?"

நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். ரப்பர் கையுறையில் எண்ணெய்ப் பசை படக்கூடாது, பட்டால் இளகிக் கிழியும் என்று புதிதாக வருகிற நர்ஸ்களுக்கு வருஷா வருஷம் வகுப்பு எடுத்தவளே அவள்தான். கார் ரப்பர் என்றால் டயர் மாதிரி எதையும் தாங்கும் என்று நினைத்துவிட்டாள், அந்த நினைப்பில்தான் ஆட்கள் உட்கார்ந்த வண்டி புகைந்தது. வெட்கப்பட வேண்டிய தப்பு. முழு முட்டாள்தனம். நடுங்காத கையுள்ள எவளும் செய்திருக்கக்கூடிய, அசல் முட்டாள்தனம். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாத்தியார் அங்கே இல்லாத குறை, இருந்திருந்தால் பயந்து ஸ்கூட்டரோடு ஓடியிருப்பார்.

கணவர் சீட்டு சோபாவிலிருந்து எழுந்து வந்து நின்றார். இவள் இப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவருக்குத் தோன்றியது. வெளியாள் ஒருத்தன் வாய்க்கு வந்தபடி கத்தினான், அவளும் நிமிர்ந்து நிற்கிறாள். பரவாயில்ல, பரவாயில்ல என்று தான் ஊட்டி ஊட்டி வளர்த்த மௌனம் அவருக்கே கசந்தது. "ஏன்டி, வீட்ல வெடிப்புக்குத் தடவ ஒண்ணும் இல்லாம நான் தேடினேனே, அதை இங்கயா கொண்டுவந்து பிரேக்குக்குத் தடவின?" என்றார்.

"உங்க கால் வெடிச்சா தடவிக்க வேற வாங்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ஒரு வருஷ இடைவெளிக்குப் பிறகு இருவரும் மறுபடியும் சண்டை போட்டது அந்த ஒர்க்‌ஷாப்பில்தான். மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை, வளையத்தைக் குப்பையில் வீசிவிட்டு வேலையைப் பிரித்துக் கொடுத்தார். பழைய பிரேக் ஆயில் முழுவதையும் வடித்துக் கொட்ட வேண்டும், ஜெல்லி பட்ட ரப்பர் எதுவும் மிஞ்சக்கூடாது, குழாயையும் மாற்ற வேண்டும், வலது பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டும். கருகிய இரும்பைச் சுரண்டும் வேலை கணவருக்கு வந்தது. கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, பலகைக்கு மெருகேற்றுகிறவரைப் போல அவர் தேய்த்தார். நர்ஸம்மா புதிய வளையத்தைப் பிரேக் ஆயிலில் முக்கி எடுத்து, பள்ளத்தில் வைத்து, வழுக்கவிட்டு, மறுபடியும் வைத்தாள். இந்தத் தடவை வழுக்கியபோது அவளுக்குப் பயம் வரவில்லை.

"ஸ்ஸ்" என்று கணவர் பிரஷ்ஷைக் கீழே போட்டார். அறுந்த கம்பி ஒன்று வலது கட்டைவிரலின் அடிச்சதையில் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. கறுப்பாக ஒரு புள்ளி மட்டும் தெரிந்தது.

மாஸ்டர் முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்தார். இடுக்கியை எடுத்தவர் நர்ஸம்மாவின் கையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "திருப்பத்துலதான் கிளினிக். கூட்டிட்டுப் போறேன்" என்றார். அந்தக் குரலுக்கு இவ்வளவு தாழத் தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது.

படச்சட்டக் கடையில் சிம்பும் கண்ணாடிச் சில்லும் குத்தாத வாரம் இல்லை. குத்தியபோதெல்லாம் வீட்டுக்கு வந்து கையை நீட்டுகிறவர், இந்த ஒரு வருஷமாக விரலை மடக்கிக்கொண்டு அந்தக் கிளினிக்குக்குத்தான் போய்வந்தார். பிளாஸ்திரியை அவள் பார்ப்பாள், கேட்க மாட்டாள். அவரும் சொல்ல மாட்டார்.

கணவர் ஒரு டயரை உருட்டிவந்து படுக்கப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். கையை அவள் மடி மேல் வைத்தார்.

"நடுங்குது, பாருங்க" என்றாள் அவள்.

"தெரியுது."

அவள் கையைக் கழுவி, இடுக்கியை ஸ்பிரிட்டால் துடைத்தாள். இடது கையால் அவர் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள். இடுக்கியின் முனை ஆடியது, புள்ளியைத் தாண்டியது, திரும்பி வந்தது, சதையில் குத்தியது.

"ஆ! கண்ணு தெரியலையாடி உனக்கு?"

"வலிக்குதா?"

"வலிக்காம என்ன பண்ணும்? உயிர் போகுது" என்றார் அவர். கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளி வைத்தார். "நீ எடு."